கேமுக்கான குறியீட்டை வெளிக்கடையில் வாங்கலாமா? வடசென்னை நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில் பல ஆண்டுகளாகக் கேம் கன்சோல்களைப் பழுது பார்த்து வருகிறேன். அண்மைக் காலமாக என்னிடம் வருபவர்கள் பழுதைவிட அதிகமாகக் கேட்பது, சோனி, மைக்ரோசாஃப்ட், நிண்டெண்டோ நிறுவனங்களின் சொந்த ஸ்டோரில் வாங்காமல், வேறு இணையக் கடைகளில் டவுன்லோடு கேம்களை, அதாவது கணக்கில் இட்டால் கேம் கிடைக்கும் குறியீடுகளை, வாங்கலாமா என்பதைத்தான். நண்பர்கள் எழுதி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி (தண்டையார்பேட்டை, கல்லூரி மாணவர்): என்னிடம் டிஸ்க் போட முடியாத பிளேஸ்டேஷன் 5 இருக்கிறது. பெயர் பெற்ற கடைகளில் வாலட் கார்டு மட்டுமே கிடைக்கிறது; முழு கேமின் குறியீடு கிடைப்பதில்லை. ஆனால் சில இணையதளங்களில் முழு கேம் குறியீடு பாதி விலைக்கு இருக்கிறதே, அது எப்படி?

பதில்: கடைகள் வழியாக முழு கேம்களின் டவுன்லோடு குறியீடுகளை விற்கும் ஏற்பாட்டைச் சோனி நிறுவனம் 2019 ஏப்ரல் 1 முதல் நிறுத்திவிட்டது. அதன்பிறகு வெளிக்கடைகளுக்கு முதன்மையாக மிஞ்சியது ஸ்டோர் கணக்கில் பணம் ஏற்றும் வாலட் கார்டுதான். ஆகவே இன்று ஒருவர் ‘முழு கேம் குறியீடு’ என்று விற்றால், அது கன்சோலுடன் இலவசமாக வந்த வவுச்சராக இருக்கலாம், வேறொரு நாட்டுக் கணக்குக்கான சரக்காக இருக்கலாம், அல்லது குறியீடே இல்லாமல் யாரோ ஒருவருடைய கணக்கின் கடவுச்சொல்லாக இருக்கலாம். முதல் வகை உண்மையானதே என்றாலும், அப்படிப்பட்ட வவுச்சர்களுக்குக் காலாவதித் தேதி உண்டு. அதைக் கேட்காமல் பணம் அனுப்ப வேண்டாம்.

பர்மா பஜாரில் டிஸ்க் வாங்கிய காலத்தை நினைத்துப் பாருங்கள். கடைக்காரர் பிளேயரில் போட்டுக் காட்டிய பிறகுதான் நாம் சட்டைப்பையில் கை வைப்போம். குறியீட்டில் அந்த வசதி கிடையாது. அது வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரே வழி அதைக் கணக்கில் இட்டுப் பார்ப்பதுதான். இட்டுவிட்டால் அது தீர்ந்துபோகிறது, திருப்பிக் கொடுக்க எதுவும் மிஞ்சுவதில்லை. எனவே குறியீட்டை வாங்கும்போது நாம் எடை போட வேண்டியது பொருளை அல்ல, விற்பவரைத்தான். அது வேலை செய்யாவிட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார் என்று தெரியாத இடத்தில் பாதி விலையும் அதிக விலைதான்.

உங்களுக்கு நான் சொல்லும் வழி சற்றுப் பொறுமை கேட்கும். ரூபாய் வாலட் கார்டு தள்ளுபடியில் கிடைக்கும்போது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டோரில் விலை குறைப்பு வரும்போது அந்தப் பணத்தைச் செலவிடுங்கள். எடுத்துக்காட்டாக, 5,000 ரூபாய் கார்டை 4,750 ரூபாய்க்கு வாங்கியவர், 4,000 ரூபாய் கேம் 2,000 ரூபாய்க்கு இறங்கும்போது எடுத்தால், அவருடைய கையிலிருந்து உண்மையில் போவது 1,900 ரூபாய்தான். எவருடைய தயவும் இதற்குத் தேவையில்லை.

இன்னொரு செய்தி: உங்களுடையது 2023 இறுதியில் வெளிவரத் தொடங்கிய மெலிந்த மாடல் என்றால், தனியே விற்கப்படும் டிஸ்க் டிரைவை அதில் பொருத்தலாம். 2020-இல் வெளியான பழைய டிஜிட்டல் மாடலில் அது முடியாது.

கேள்வி (காசிமேடு): அண்ணா, டெலிகிராமில் ஒருவர் புது கேமை ‘பிரைமரி’ 1,500 ரூபாய், ‘செகண்டரி’ 900 ரூபாய் என்று விற்கிறார். என் நண்பர்கள் இரண்டு பேர் வாங்கி விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். நானும் வாங்கலாமா?

பதில்: தம்பி, அங்கே விற்கப்படுவது கேம் இல்லை என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பிளேஸ்டேஷன் 5-இல் ‘கன்சோல் பகிர்வு மற்றும் ஆஃப்லைன் விளையாட்டு’ என்று ஓர் அமைப்பு இருக்கிறது. ஒரு கணக்கு அதை ஒரே ஒரு பிஎஸ்5-இல்தான் இயக்கி வைக்க முடியும். இயக்கினால், அந்தக் கணக்கில் வாங்கிய கேம்களை அதே கன்சோலைப் பயன்படுத்தும் வீட்டார் அனைவரும் தங்கள் தங்கள் கணக்கிலிருந்து விளையாடலாம். ஒரு குடும்பத்துக்காக உண்டாக்கப்பட்ட இந்த வசதியைத்தான் விற்பவர் கூறு போட்டு விற்கிறார். தம்முடைய கணக்கை உங்கள் கன்சோலில் ஏற்றி அந்த அமைப்பை இயக்கித் தந்தால் அது ‘பிரைமரி’. அதை இயக்காமல், இணையத்தில் இருந்தபடி அவருடைய கணக்கிலேயே நுழைந்து விளையாட விட்டால் அது ‘செகண்டரி’. ஒரு முறை வாங்கிய கேமுக்கு இப்படி இரண்டு, மூன்று பேரிடம் பணம் பெறுகிறார்.

கணக்கு அவருடையது, மின்னஞ்சல் அவருடையது, கடவுச்சொல்லை மாற்றும் உரிமையும் அவருடையது. எல்லாக் கருவிகளையும் ஒரே நேரத்தில் விலக்கும் வசதியும் கணக்கு உரிமையாளரிடம்தான் இருக்கிறது. இன்று உங்களிடம் விற்ற இடத்தை ஆறு மாதம் கழித்து வேறொருவரிடம் விற்றால், உங்கள் திரையில் கேமின் படத்தின் மேல் ஒரு பூட்டு தெரியும். என் மேசைக்கு வந்த ஒரு பையன், கன்சோல் கெட்டுவிட்டது என்று நினைத்து அதை பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். கன்சோலில் ஒரு குறையும் இல்லை. பூட்டு மட்டும் விழுந்திருந்தது. விற்றவரின் டெலிகிராம் கணக்கு அதற்குள் காணாமல் போயிருந்தது.

கணக்கை விற்பதும் வாடகைக்கு விடுவதும் சோனியின் விதிமுறைகளுக்கு மாறானவை என்பதால், அந்தக் கணக்கு முடக்கப்பட்டால் நீங்கள் நியாயம் கேட்கப் போகும் இடமும் இல்லை. உங்கள் நண்பர்கள் விளையாடிக்கொண்டிருப்பது உண்மைதான். அவர்களிடம் ஓராண்டு கழித்து மறுபடியும் கேளுங்கள். அந்த 1,500 ரூபாய்க்கு நல்ல பழைய கேம் ஒன்று விலை குறைப்பில் உங்கள் சொந்தக் கணக்கிலேயே கிடைக்கும்.

கேள்வி (பெரம்பூர்): எக்ஸ்பாக்ஸுக்கும் இதே நிலைதானா? வேறு நாட்டுக் குறியீடு மலிவாகக் கிடைக்கிறது.

பதில்: எக்ஸ்பாக்ஸ் இந்த விஷயத்தில் சற்றுத் தாராளம். மைக்ரோசாஃப்ட் வெளிக்கடைகள் வழியாகவும் கேம் குறியீடுகளை விற்று வந்திருக்கிறது. அவை எழுத்துகளும் எண்களும் கலந்து மொத்தம் 25 இடங்கள் கொண்டவை. ஆனால் கணக்கில் பணம் ஏற்றும் பரிசு அட்டைகள் அந்தந்த நாட்டு நாணயத்தோடு கட்டுண்டவை. கேம் குறியீடுகளிலும் சில, குறிப்பிட்ட நாட்டுக்கு மட்டுமே பொருந்தும். கணக்கின் நாட்டை மூன்று மாதங்களுக்கு ஒரு முறை மாற்றலாம் என்பதை வைத்துக்கொண்டு சிலர் நாடு நாடாகத் தாவுகிறார்கள். அப்படி மாற்றும்போது பழைய நாட்டில் ஏற்றிய பணம் உங்களோடு வராது. குடியிருக்கும் நாட்டைப் பற்றி உண்மை சொல்வதாக நாம் ஒப்புக்கொண்டுதான் கணக்கைத் தொடங்குகிறோம் என்பதும் நினைவில் இருக்கட்டும். பிளேஸ்டேஷனில் இந்தத் தாவலுக்கே இடமில்லை: தொடங்கியபோது தேர்ந்தெடுத்த நாட்டைப் பிறகு மாற்ற முடியாது, இந்தியக் கணக்கில் துருக்கி கார்டோ அமெரிக்க கார்டோ ஏறாது.

கேள்வி (இராயபுரம்): மாமா துபாயிலிருந்து நிண்டெண்டோ சுவிட்ச் கொண்டுவந்தார். இந்தியாவைத் தேர்வு செய்தால் அதன் இணையக் கடையான ஈஷாப்பில் எதுவும் வாங்க முடியவில்லை. என்ன செய்வது?

பதில்: நிண்டெண்டோ இந்தியாவுக்கென்று ஈஷாப் நடத்தவில்லை. அதனால் இங்குள்ளவர்கள் பெரும்பாலும் கணக்கில் வேறொரு நாட்டைத் தேர்ந்து, அந்த நாட்டு ஈஷாப் கார்டை வெளிக்கடையில் வாங்கிப் பணம் ஏற்றுகிறார்கள். நாட்டை மாற்றிக்கொள்ள இடமுண்டு என்றாலும், கணக்கில் பணம் மீதம் இருக்கும்போது மாற்றுவது சிக்கலாகும். ஆகவே ஒரே நாட்டில் நிலைத்து, கார்டையும் அதே நாட்டுக்கே வாங்குவது நல்லது.

என் கருத்தில் சுவிட்ச் வைத்திருப்பவர்கள், கேம் பதிந்த சிறு அட்டையான கார்ட்ரிட்ஜ் வாங்குவதே சிறந்தது. சுவிட்ச் கார்ட்ரிட்ஜுகளுக்குப் பொதுவாகப் பகுதிப் பூட்டு கிடையாது. பெரும்பாலும் எந்த நாட்டுக் கார்ட்ரிட்ஜும் உங்கள் கருவியில் ஓடும், முடித்ததும் விற்றுவிடலாம். கூடுதல் உள்ளடக்கமான டிஎல்சி மட்டும் கார்ட்ரிட்ஜ் வெளியான பகுதியின் ஈஷாப்பிலிருந்தே வாங்கப்பட வேண்டும். பின்னாளில் சுவிட்ச் 2 வாங்கினால், பெட்டியின் முன்பக்கத்தைக் கவனித்துப் படியுங்கள்: ‘கேம்-கீ கார்டு’ என்று இருந்தால் அந்தக் கார்டில் கேம் இல்லை, கேமை இணையத்திலிருந்துதான் இறக்க வேண்டும், விளையாடும்போது கார்டும் கருவிக்குள் இருக்க வேண்டும்.

கேள்வி (கொருக்குப்பேட்டை, ஒரு தாய்): ஐயா, என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். ஏதோ வெளிநாட்டு இணையதளத்தில் கேம் வாங்க என் டெபிட் கார்டு எண்ணைக் கேட்கிறான். ஒரு முறை கொடுத்தேன், பணம் போகவில்லை. கொடுக்கலாமா?

பதில்: பணம் போகாததற்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் வங்கியின் பாதுகாப்பு அமைப்புதான், அம்மா. ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2020 மார்ச் 16 முதல் வழங்கப்படும் கார்டுகளில், வெளிநாட்டுப் பரிவர்த்தனை வசதியை வாடிக்கையாளர் தாமாகக் கேட்டு இயக்கினால்தான் அது வேலை செய்யும். அதை அப்படியே அணைத்தே வைத்திருங்கள். வெளிநாட்டுத் தளத்தில் வாங்கும்போது வங்கி எடுத்துக்கொள்ளும் நாணய மாற்றுக் கட்டணத்தையும் அதன்மேல் வரியையும் சேர்த்தால், மகன் காட்டிய மலிவு பாதி கரைந்துவிடும்.

மகனுக்கு வாங்கித் தர விரும்பினால், இந்தியக் கடை ஒன்றில் யுபிஐ மூலம் ரூபாய் வாலட் கார்டு வாங்கிக் கொடுங்கள். கையில் நூறு ரூபாய் கொடுத்து அனுப்புவது போலத்தான் அது. எவ்வளவு கொடுத்தீர்களோ அதற்கு மேல் செலவாகாது, உங்கள் கார்டு எண்ணும் எங்கும் பதிவாகாது. பிளேஸ்டேஷனில் மகனின் கணக்கைக் குழந்தைக் கணக்காக வைத்து, மாதச் செலவுக்கு வரம்பு விதிக்கவும் முடியும். குறியீட்டின் புகைப்படத்தை நண்பர்கள் யாருக்கும் அனுப்பக் கூடாது என்று மகனிடம் சொல்லி வையுங்கள். அதைப் பார்த்தவர் முந்திக்கொண்டால் பணம் அவருடையதாகிவிடும்.

கேள்வி (திருவொற்றியூர்): நான் வாங்கிய குறியீடு ‘ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது’ என்று காட்டுகிறது. கடைக்காரர் பதிலே தருவதில்லை.

பதில்: சுழியத்தையும் ஆங்கில ஓ எழுத்தையும், எட்டையும் பி எழுத்தையும் மாற்றித் தட்டியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள், அதற்குப் பெரும்பாலும் ‘தவறான குறியீடு’ என்ற செய்திதான் வரும். ‘பயன்படுத்தப்பட்டது’ என்றே வந்தால், உங்கள் வீட்டிலேயே வேறு கணக்கில் ஏறியிருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு, பிழைச் செய்தி, ரசீது, பணம் செலுத்திய விவரம், கடையோடு நடத்திய உரையாடல் ஆகிய அனைத்தையும் படமெடுத்து வையுங்கள்.

கடை இந்தியாவில் இயங்குவதாக இருந்தால் 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் உங்களுக்குத் துணை நிற்கும். கடை ஒரு குறைதீர்ப்பு அலுவலரை அமர்த்தி அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் வெளியிட வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அந்த அலுவலருக்கே எழுதுங்கள். பலனில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. கடையே போலி என்று தெரிந்தால், தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு விரைவாக அழைக்கிறீர்களோ அவ்வளவு தூரம் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்புண்டு.

ஓர் எச்சரிக்கை. கார்டில் செலுத்திய பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கோருவது வெளிக்கடை விஷயத்தில் சரி. பிளேஸ்டேஷன் ஸ்டோரில் நேரடியாகச் செலுத்தியதை அப்படித் திரும்பப் பிடித்தால் உங்கள் கணக்கே முடக்கப்படலாம். அங்கே சோனியின் வாடிக்கையாளர் சேவையையே முதலில் அணுக வேண்டும்.

கேள்வி (வியாசர்பாடி): மலிவு விலைக் குறியீடுகள் திருட்டுச் சரக்கு என்று சொல்கிறார்களே, உண்மையா?

பதில்: எல்லாமே அல்ல. சில, விலை குறைந்த நாட்டில் வாங்கியவை. சில, விலை குறைப்பின்போது மொத்தமாக வாங்கிப் பதுக்கியவை. ஆனால் திருட்டு வழியும் மெய்யாகவே உண்டு. திருடிய கார்டு எண்ணில் ஒருவன் குறியீடுகளை வாங்கி, யாரும் விற்கக்கூடிய இணையச் சந்தையில் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறான். சில வாரங்களில் கார்டின் உண்மையான உரிமையாளர் வங்கியில் புகார் செய்ய, பணம் திரும்பிப் போகிறது. கேம் நிறுவனம் குறியீட்டை ரத்து செய்கிறது. திருடன் அதற்குள் கிளம்பிவிட்டான். நட்டம் கடைசியாக வாங்கியவர் தலையில் விடிகிறது.

2015-இல் ஃபார் கிரை 4 உள்ளிட்ட கேம்களுக்கு இதுதான் நடந்தது: மோசடியாக வாங்கப்பட்ட குறியீடுகள் என்று யூபிசாஃப்ட் நிறுவனம் அவற்றை ரத்து செய்தது, விளையாடத் தொடங்கியிருந்தவர்களுக்குப் பின்னர் திருப்பித் தந்தது. 2020-இல் ஜி2ஏ என்ற சந்தைத் தளம், தன்னிடம் விற்கப்பட்ட ஃபாக்டோரியோ என்ற கேமின் குறியீடுகளில் 198 திருட்டுச் சரக்கு என்று ஒப்புக்கொண்டு, அதை உருவாக்கியவர்களுக்கு ஏறத்தாழ 40,000 டாலர் செலுத்தியது. இரண்டுமே கணினி கேம்களின் கதைகள்தான். கன்சோல் குறியீடுகள் கைமாறும் பாதையும் இதிலிருந்து வேறுபட்டதல்ல.

கேள்வி (எண்ணூர்): வெளிக்கடையில் வாங்கிய குறியீட்டை ஏற்றிய பிறகு கேம் பிடிக்கவில்லை என்றால் பணம் திரும்புமா?

பதில்: திரும்பாது. ஸ்டோரிலேயே நேரடியாக வாங்கியிருந்தால், பிளேஸ்டேஷனில் டவுன்லோடு தொடங்காத நிலையில் 14 நாட்களுக்குள் கேட்டுப் பார்க்கலாம்.

கேள்வி (பெரம்பூர், மற்றொருவர்): என் வீட்டு இணைய வேகம் 50 எம்பிபிஎஸ். டிஸ்க்கா, டவுன்லோடா?

பதில்: 100 ஜிபி கேம் ஒன்று அந்த வேகத்தில் முழுமையாக இறங்க ஏறத்தாழ நான்கரை மணி நேரம் ஆகும், மழை நாளில் மின்சாரம் போய்விட்டால் எப்போது முடியும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் நேரத்தைவிட இடம்தான் தொல்லை. முதல் பிஎஸ்5-இன் 825 ஜிபி சேமிப்பில் நமக்குக் கிடைப்பது சுமார் 667 ஜிபி. டிஸ்க் வாங்கினாலும் கேம் உள்ளே பதிவாகத்தான் செய்யும் என்பதால் அதில் வித்தியாசம் இல்லை. வித்தியாசம், முடித்த பிறகு டிஸ்க்கை விற்று அடுத்ததை வாங்கலாம் என்பதில்தான். ஒரே கேமை ஆண்டுக்கணக்கில் விளையாடுபவர் என்றால் டவுன்லோடு, மாதம் ஒன்று முடிப்பவர் என்றால் டிஸ்க் என்பது என் கணக்கு.

கேள்வி (மீண்டும் இராயபுரம்): ஸ்டோரையே மூடிவிட்டால் நான் வாங்கியது என்ன ஆகும்? வீட்டில் பழைய எக்ஸ்பாக்ஸ் 360-உம் இருக்கிறது.

பதில்: நாம் வாங்குவது கேமை அல்ல, விளையாடுவதற்கான உரிமத்தைத்தான். அதை வாங்குபவரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் சட்டமே நடைமுறையில் இருக்கிறது. நிண்டெண்டோ 3டிஎஸ், வீ யூ கருவிகளின் ஈஷாப் விற்பனை 2023 மார்ச் 27-இல் முடிந்தது. எக்ஸ்பாக்ஸ் 360 ஸ்டோர் 2024 ஜூலை 29-இல் மூடப்பட்டது. இரண்டிலும் புதிதாக வாங்குவதுதான் நின்றதே தவிர, முன்பே வாங்கியவற்றை மீண்டும் இறக்கிக்கொள்ள வழி விட்டிருக்கிறார்கள். அந்த வழி எத்தனை நாள் திறந்திருக்கும் என்பது அவர்கள் கையில் இருப்பதால், உங்கள் 360-ஐ இந்த வாரமே இணையத்தோடு இணைத்து, வாங்கிய பட்டியலைத் திறந்து, வேண்டியவற்றை ஹார்டு டிஸ்க்கில் இறக்கி வையுங்கள். கடவுச்சொல் மறந்திருந்தால், அந்தக் கணக்குக்குக் கொடுத்த பழைய மின்னஞ்சல் முகவரியை முதலில் மீட்டெடுங்கள். என்னிடம் வந்த 360-களில் பலவும் அந்தப் படியில்தான் நின்றுபோயின.