மாண்டிசோரி கேள்வி பதில்: ராகியும் உப்புத்தாளும் போதும், தொடங்கலாம்

கிருஷ்ணகிரியில் மூணு முதல் ஆறு வயசுப் பிள்ளைகளுக்கு மாண்டிசோரி வகுப்பு நடத்துறேன்; பிள்ளை சாமானைக் கையால் தொட்டு, தானே செஞ்சு கத்துக்கிற முறை இது. பெற்றோரும் டீச்சர்களும் கேட்டதுக்கெல்லாம் என் பதில்கள் இவை.

தர்மபுரி அம்மா: போர்டுல மாண்டிசோரின்னு இருக்கு, ஆனா எல்.கே.ஜி-க்கே ஹோம்வொர்க். எது நிஜம்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது அக்கா?

அந்தப் பெயர் யாருக்கும் தனிச்சொத்து இல்லம்மா, யார் வேணும்னாலும் எழுதிக்கலாம். அதனால போர்டைப் பார்க்காதீங்க, வகுப்பில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்க. மூணு, நாலு, அஞ்சு வயசுப் பிள்ளைகள் ஒரே அறையில் இருக்கணும். சாமான் அவங்க கைக்கு எட்டுற அலமாரியில் இருக்கணும். பிள்ளை தானே எடுத்து, செஞ்சு முடிச்சு, அதே இடத்தில் வைக்கணும்.

காவேரிப்பட்டணம் தாத்தா: வெள்ளைக்காரங்க படிப்பு நம்ம பிள்ளைகளுக்கு எதுக்கும்மா?

ஐயா, இது பணக்கார வீட்டில் பிறந்த படிப்பு இல்லை. 1907 ஜனவரி 6-ம் தேதி, ரோமில் சான் லோரென்சோங்கிற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில்தான் மரியா மாண்டிசோரி அம்மையார் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினாங்க. அப்பா அம்மா வேலைக்குப் போனதும் கவனிக்க ஆள் இல்லாத பிள்ளைகள் அவங்க. 1939-ல், 69 வயசில், பிரம்மஞான சபைத் தலைவர் அருண்டேலும் அவர் மனைவி ருக்மிணி தேவியும் அழைச்சு சென்னை அடையாறுக்கு வந்தாங்க. அடுத்த வருஷம் இத்தாலி, இங்கிலாந்துக்கு எதிரா ரெண்டாம் உலகப் போரில் இறங்கிடுச்சு. இத்தாலிக்காரர்ங்கிறதால மகன் மரியோவை ஆங்கிலேய அரசு சிறைவச்சு, அம்மையாரோட 70-வது பிறந்தநாளன்று விடுவிச்சது. போர் முடியிற வரைக்கும் அவங்க இங்கேயேதான் இருந்தாங்க. கொடைக்கானல் மலையில் செடி, பூச்சி, கல்லுன்னு பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்ததிலிருந்துதான் அவங்களோட இயற்கைப் பாடங்கள் வளர்ந்தது. நம்ம மண்ணுக்கும் இதில் பங்கு இருக்குங்க ஐயா.

மஸ்கட்டில் இருக்கும் ஊத்தங்கரைத் தங்கை: இங்க உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு எப்படி அறிமுகப்படுத்தலாம் அக்கா?

முதல்ல பேச்சைக் குறைம்மா. அமெரிக்கக் கதையைக் கேளு. 1913-ல் அம்மையார் அங்கே போனப்போ ஊரே திரண்டு வரவேற்றது. மறுவருஷமே கில்பாட்ரிக்ங்கிற கல்வியாளர் கடுமையா விமர்சிச்சு எழுதினார், சில வருஷத்தில் ஆர்வம் வடிஞ்சுபோச்சு. மறுபடி உயிர் வந்தது 1958-ல், நான்சி ராம்புஷ்ங்கிற அமெரிக்க ஆசிரியை கனெக்டிகட் மாநிலத்தில் மாண்டிசோரி பள்ளி தொடங்கினப்போ. அந்த நாட்டுப் பிள்ளைக்கு எது பொருந்தும்னு அவங்க யோசிச்சாங்க. வரவேற்பு பலமா இருந்தா மட்டும் போதாது, பயிற்சி எடுத்தவங்க அங்கேயே வேணும்.

நீ வாரம் ரெண்டு நாள், நாலு பிள்ளைகளோட உன் வீட்டு ஹாலில் தொடங்கு. பெற்றோர் ஓரமா உட்கார்ந்து பார்க்கட்டும், வாயே திறக்கக் கூடாதுன்னு சொல்லிடு. எழுத்துக்கு, அட்டையில் உப்புத்தாளை வெட்டி ஒட்டி, விரலால் தடவ விடு. 247 எழுத்தையும் ஒட்டாதே. உயிர் 12, மெய் 18, ஆய்தம், அப்புறம் கால், கொம்பு, கொக்கின்னு குறிகளைத் தனி அட்டையா வை. சேர்க்கிற வேலையைப் பிள்ளையே பண்ணும்.

பென்னாகரம் அங்கன்வாடி டீச்சர்: சாமான் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகாதே மேடம்?

பிங்க் டவர்ங்கிற, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குற கட்டைகளை ஆசாரிகிட்ட சொல்லிச் செய்யலாம். பத்து கனசதுரம், 1 சென்டிமீட்டரில் தொடங்கி 10 சென்டிமீட்டர் வரை. ஆனா அளவு துல்லியமா இருக்கணும், அதில் மட்டும் சமரசம் வேண்டாம். மத்தபடி டம்ளர், முறம், புளியங்கொட்டை எல்லாம் உங்க ஊர்லயே இருக்கு.

ஓசூர் அப்பா: இதுல படிச்சா ஒண்ணாம் வகுப்பில் தடுமாறுவானா?

மாட்டான் சார். கூச்சல் நிறைந்த வகுப்பு பழக ஒரு மாசம் ஆகலாம்.

தர்மபுரி பாட்டி: துடைக்கவும் கழுவவும் விடுறதுக்கா பணம் கட்டுறோம்?

கேட்கிறது நியாயம்தான் பாட்டி. போன வாரம் மூணரை வயசுப் பொண்ணு ஒரு டம்ளரிலிருந்து இன்னொண்ணுக்கு ராகி ஊத்தினா. பாதி தரையில. நான் எழுந்திருக்கல. அவ முட்டிபோட்டு, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஒவ்வொரு மணியா பொறுக்கினா, இருபது நிமிஷம். அந்த ரெண்டு விரல்தான் பாட்டி, நாளைக்குப் பென்சில் பிடிக்கப் போகுது.