கழுத்தில் இருக்கும் கட்டியால் மயக்கம் வருமா?

கழுத்தில் கட்டி இருப்பவர் அடிக்கடி மயங்கி விழுகிறார், இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. அபூர்வம்தான், ஆனால் என் அப்பாவுக்கே நடந்தது.

முதல் தடவை நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்தது, நெற்றி வியர்த்தது, பேப்பர் கையிலிருந்து நழுவியது. அரை நிமிடத்தில் கண் விழித்து, "ஏன் எல்லாரும் சுத்தி நிக்கிறீங்க?" என்றார். சர்க்கரை சரியாக இருந்தது, தலை ஸ்கேனும் சரி. வலிப்பாக இருக்கலாம் என்று மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த முறை மானிட்டர் மாட்டியிருந்தபோதே விழுந்ததால், இதயம் 4 விநாடி நின்றது தெரிந்தது. இதயம் நின்றுபோகாமல் துடிக்க வைக்கும் பேஸ்மேக்கர் கருவியை வைத்தார்கள். அப்பாடா என்றிருந்தோம். மூன்றே வாரத்தில் மறுபடியும் மயக்கம்! இந்தத் தடவை நாடி ஒழுங்காக ஓடியது, பிரஷர்தான் 60க்கு இறங்கிக் கிடந்தது.

அப்புறம்தான் ஒரு டாக்டர் தாடைக்குக் கீழே தொட்டுப் பார்த்தார். "சவரம் பண்றப்போ கையில தட்டுப்படுது" என்று அப்பா முன்பே சொல்லியிருந்தார். நெறி கட்டியிருக்கும் என்று நாங்கள்தான் விட்டுவிட்டோம். புற்றுநோய்க் கட்டி.

மூளைக்குப் போகும் கரோட்டிட் ரத்தக்குழாய் கழுத்தில் இரண்டாகப் பிரியும் இடத்தில், பிரஷரை அளந்து சொல்லும் நரம்பு முனைகள் இருக்கின்றன. கட்டி அங்கேயோ, சேதி கொண்டுபோகும் ஒன்பதாவது மூளை நரம்பையோ அழுத்தினால், பிரஷர் எகிறிவிட்டதாக மூளை ஏமாந்துபோகும். உடனே இதயத்தை மெதுவாக்கும், கூடவே ரத்தக்குழாய்களையும் தளர்த்திவிடும். பேஸ்மேக்கர் முதலாவதைத்தான் சமாளிக்கும். இரண்டாவதற்குக் கட்டியைத்தான் கவனிக்க வேண்டும். அப்பாவுக்குக் கதிர்வீச்சு கொடுத்துக் கட்டி சுருங்கச் சுருங்க மயக்கமும் நின்றது.

எல்லாக் கட்டியும் இப்படிச் செய்யாது. சாதாரண நெறிக்கட்டியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு ஏற்கெனவே சிகிச்சை எடுத்தவர் திடீரென்று மயங்க ஆரம்பித்தால், நோய் திரும்பியிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். கட்டியை அமுக்கிப் பார்க்காதீர்கள், நீவி விடாதீர்கள். நாடி போலத் துடித்தால் அது கரோட்டிட் பிரியும் இடத்திலேயே வளரும் கட்டியாக இருக்கலாம். அதில் ஊசி குத்தினால் ரத்தம் கொட்டும், அதனால் முதலில் ஸ்கேன்.

மயக்கம் வந்தால் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடியுங்கள், டாக்டரிடம் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். உட்கார்ந்திருந்தாரா, கழுத்தைத் திருப்பினாரா, எத்தனை விநாடி நினைவில்லை என்று ஒவ்வொரு தடவையும் எழுதி வைத்து, அந்தத் தாளையும் கொண்டுபோங்கள்.