நுட்பம் கேளுங்கள்

கேள்வி: மகன் தன் பழைய ரீமார்க்கபிள் 2 என்ற மின்தாள் குறிப்பேட்டுக் கருவியை எனக்குக் கொடுத்துவிட்டான். அதில் புள்ளிக் கோலம் போட ஒரு செயலி எழுத ஆசை. சி++ தெரியும். வெளியாள் எழுதும் செயலியை அந்தக் கருவி ஏற்குமா?
– வாசகி, திருச்சி

பதில்: ஏற்கும். உள்ளே ஓடுவது லினக்ஸ். அமைப்புகளில் பதிப்புரிமைப் பக்கத்துக்குப் போய் ஜிபிஎல் உரிமம் பற்றிய பகுதியைப் பாருங்கள். ரூட் (முழு அதிகாரமுள்ள கணக்கு) கடவுச்சொல்லை அங்கேயே எழுதி வைத்திருக்கிறார்கள். யுஎஸ்பி கேபிளைச் செருகி, கணினியிலிருந்து 10.11.99.1 என்ற முகவரிக்கு எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து உள்நுழையும் கட்டளை) செய்தால் உள்ளே போய்விடலாம்.

ஆனால் புள்ளி மட்டும் போதும் என்றால் செயலியே வேண்டாம், ஒரு படம் போதும். 1404 x 1872 பிக்சலில் பிஎன்ஜி கோப்பு செய்து டெம்ப்ளேட் (பக்கப் பின்னணி) கோப்புறையில் போட்டு, பக்கத்திலுள்ள ஜேசன் பட்டியலில் பெயரைச் சேருங்கள். திரையில் ஒரு சென்டிமீட்டர் என்பது 89 பிக்சல். புள்ளிக்குப் புள்ளி ஒரு சென்டிமீட்டர் விட்டு, 15 புள்ளி, இடைப்புள்ளி 8 வரை என்று வைத்துக்கொண்டால், நடு வரிசை 1246 பிக்சலில் அடங்கிவிடும். அடுத்தடுத்த வரிசையை 45 பிக்சல் தள்ளித் தொடங்கினால் சரி. சிஸ்டம் அப்டேட் வந்தால் இந்தப் படம் அழிந்துபோகும். ஹோம் கோப்புறையில் ஒரு நகல் இருக்கட்டும்.

கோடு தானாக வளைந்து சிக்குக் கோலமாக வேண்டும் என்றால்தான் செயலி. அப்போது ஆர்எம்கிட் என்ற சி++ நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிக்கல்: இந்த மாடலில் திரையை இயக்கும் வேலை, ரீமார்க்கபிள் நிறுவனத்தின் சொந்தச் செயலியான ஸோச்சிட்லுக்குள்ளேயே இருக்கிறது. மற்ற செயலிகள் ஆர்எம்2எஃப்பி என்ற இடையாள் வழியாகத்தான் வரைய முடியும். அதை டோல்டெக் என்ற தொகுப்புக் களஞ்சியத்திலிருந்து நிறுவலாம். எந்தெந்தப் பதிப்புகளுக்கு அது ஒத்துவரும் என்று அங்கே போட்டிருப்பார்கள். உங்கள் பதிப்பு அதில் இல்லையா, கை வைக்காதீர்கள். கருவி எழுந்திருக்காமலே போகலாம். தானியங்கி அப்டேட்டையும் முதலிலேயே நிறுத்திவிடுங்கள்.

செல்போன் செயலி எழுதிய பழக்கம் இங்கே உதவாது. மின்தாளில் முழுத்திரையையும் புதுப்பித்தால் ஒரு முறை கறுத்து வெளுக்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் அப்படிச் செய்தால் கண் வலிதான் மிச்சம். பேனா நகரும்போது, மாறிய சிறு சதுரத்தை மட்டும் டியூ என்ற வேகப் புதுப்பிப்பு முறையில் வரையுங்கள். அதில் கறுப்பு வெள்ளை தவிர வேறு நிறம் வராது, ஆனால் வேகம். கோலம் முடிந்ததும் ஒரே ஒரு முறை ஜிசி16 என்ற முழுப் புதுப்பிப்பைக் கொடுத்தால் பழைய கோட்டின் நிழலெல்லாம் போய்விடும். அசைவூட்டம், மெதுவாகச் சரியும் மெனு, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். அழகு என்று நினைத்துச் சேர்ப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

தமிழில் தலைப்பு எழுதப் போகிறீர்கள் என்றால் எழுத்துகளைச் சரியான வடிவில் கோக்கும் ஹார்ஃப்பஸ் நூலகத்தையும் சேருங்கள். இல்லாவிட்டால் 'கோலம்' என்பதில் ககரத்துக்கு முன்னால் வர வேண்டிய கொம்பு பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கேள்வி: புதிதாக வாங்குவதென்றால், செயலி எழுத ரீமார்க்கபிளின் பேப்பர் ப்ரோ சரிவருமா?
– வாசகர், கோவை

பதில்: அதில் டெவலப்பர் மோடை இயக்கினால்தான் உள்ளே விடும், இயக்கியதும் கருவியில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். வாங்கிய அன்றே, ஒரு வரி எழுதுவதற்கு முன் அதைச் செய்துவிடுங்கள்.