வாண்டா விதை தொட்டியில் ஏன் முளைக்கவில்லை?

கேள்வி: எங்கள் தோப்பில் உள்ள பழைய மாமரத்தில் வாண்டா டெசலேட்டா என்ற ஆர்க்கிட் தொற்றி வளர்கிறது. வேளாண் கல்லூரியில் படிக்கும் என் மகள்தான் பெயரைக் கண்டுபிடித்துச் சொன்னாள். சென்ற ஆண்டு அதன் காய் வெடித்தபோது, உள்ளே இருந்த தூளை மண்புழு உரமும் தென்னைநார்க் கழிவும் கலந்த தொட்டியில் தூவி மூன்று மாதம் நீர் தெளித்தேன். பாசி மட்டுமே படர்ந்தது. இப்போது மறுபடியும் ஒரு காய் பிடித்திருக்கிறது. இதையாவது முளைக்க வைக்க முடியுமா? – வாசகர், நத்தம்

பதில்: முடியும். ஆனால் தொட்டியில் அல்ல. எவ்வளவு உயர்ந்த உரத்தில் தூவியிருந்தாலும் அந்தத் தூள் முளைத்திருக்காது.

நெல்லும் தேங்காயும் முளைக்குத் தேவையான உணவைத் தம்முள் வைத்திருக்கின்றன. ஆர்க்கிட் விதை கட்டுச்சோறு இல்லாமல் புறப்படுகிறது. மிகச் சிறிய ஒரு கரு, அது காற்றில் மிதக்க மெல்லிய உறை, அவ்வளவுதான் அந்த விதை. ஒரு காயில் பல்லாயிரம் விதைகள் இருந்தும் உங்கள் தோப்பு முழுவதும் வாண்டா படராததற்குக் காரணம் இதுவே. மரப்பட்டையில் வாழும் சில நுண்பூஞ்சைகள் கருவுக்குள் நுழைய வேண்டும். கரு அந்தப் பூஞ்சை இழைகளைச் செரித்து, அதிலிருந்து கிடைக்கும் சர்க்கரையைக் கொண்டுதான் வளரத் தொடங்கும். இதை 1899இல் பிரான்சில் நோயல் பெர்னார் கண்டறிந்தார். பூஞ்சையே இல்லாமல், சர்க்கரை சேர்த்த அகாரிலும் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழ்ப்பொருள்) விதை முளைக்கும் என்று 1922இல் அமெரிக்காவில் லூயிஸ் நட்சன் காட்டினார். இன்று கடையில் வாங்கும் ஆர்க்கிட் செடிகளுக்கு வழி திறந்தது அந்தக் கண்டுபிடிப்புதான்.

ஆகவே உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, மரத்தின் வழி. காய் தானாக வெடிக்கும்போது, தாய்ச்செடியின் வேர் ஓடும் சொரசொரப்பான பட்டையில் விதையைத் தேய்த்துவிடுங்கள். தேவையான பூஞ்சை இருக்க அதிக வாய்ப்புள்ள இடம் அதுதான். செலவில்லை, ஆனால் ஒரு கன்று பிழைத்தாலே பெரிது.

இரண்டாவது, குடுவை வழி. அதாவது, நட்சன் காட்டியபடி கிருமியற்ற குடுவையில் சர்க்கரை அகார் மேல் விதைப்பது. இதற்குக் காய் வெடிக்கும் வரை காத்திருக்கக் கூடாது. நன்கு பருத்து, இன்னும் பச்சையாக இருக்கும்போதே பறிக்க வேண்டும். நுனியில் மஞ்சள் தட்டினால் தாமதிக்கவே வேண்டாம். மூடிய காயின் உட்புறம் கிருமியற்றது என்பதால் காயின் வெளிப்புறத்தைத் தூய்மை செய்தாலே போதும். நான் வீட்டில் செய்த முதல் இரண்டு முயற்சிகளும் பூஞ்சணம் பிடித்து வீணாயின. இரண்டு முறையும் காயில் மயிரிழை அளவு வெடிப்பு இருந்ததைக் கவனிக்கத் தவறியிருந்தேன்.

வளர்ப்பு ஊடகம் எளிதுதான். ஒரு லிட்டருக்குப் பாதி வலிமையில் முராஷிகே–ஸ்கூக் உப்புக் கலவை (திசு வளர்ப்புக்கான சத்து உப்புகள்), 20 கிராம் சர்க்கரை, 8 கிராம் அகார், 150 மில்லி இளநீர். அமிலக் காரத்தன்மை (pH) 5.6 அளவில் இருக்கட்டும். பிரஷர் குக்கரில் 20 நிமிடம் வேகவைத்தால் கிருமிகள் அழியும். கடினமானது விதைக்கும் வேலைதான். காயை ஸ்பிரிட்டில் நனைத்துத் தீயில் காட்டி, கிருமியற்ற காற்றோட்டத்தில் பிளக்க வேண்டும். அந்தக் காற்றோட்டத்துக்கு மாற்றாக, ஸ்பிரிட் தெளித்த பெட்டிக்குள் விளக்கேற்றுவது மிக ஆபத்தானது. வீட்டில் அதைச் செய்யாதீர்கள். மகள் படிக்கும் கல்லூரியில் திசு வளர்ப்புக் கூடம் இருந்தால், அனுமதி பெற்றுக் காயை அங்கே கொண்டுபோகச் சொல்லுங்கள். வாழைக் கன்று உருவாக்கும் கூடத்தில் இதற்குத் தேவையான எல்லாமே இருக்கும்.

விதை முதலில் இலை விடாது. கடுகை விடச் சிறிய பச்சை உருண்டைகளாகத் திரளும். புரோட்டோகார்ம் எனப்படும் இவற்றைப் பாசி என்று நினைத்து எறிந்துவிடாதீர்கள். இலையும் வேரும் வந்து குடுவையை விட்டு வெளியேற ஓராண்டுக்கு மேல் ஆகும். பூவைக் காண இன்னும் பல ஆண்டுகள் பொறுக்க வேண்டும்.

வெளியே எடுத்த கன்றை மண்ணில் நடாதீர்கள். பள்ளிப் பாடத்தில் தொற்றுத் தாவரத்துக்கு எடுத்துக்காட்டாக வரும் அதே வாண்டாதான் இது. இந்தியா, இலங்கை, மியன்மார் நாடுகளின் இலையுதிர் காடுகளில், வெயில் வடிந்து இறங்கும் கிளைகளில் வாழ்கிறது. அதன் வேரைப் போர்த்திய வெலாமன் திசு மழையை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு காற்றில் உலர வேண்டும். ஈரத்திலேயே கிடந்தால் அழுகிவிடும். புல்லுருவி என்று நினைத்து இதை வெட்டுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதைக்கிறது. புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சும். வாண்டா அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவே.

கழுவிய கன்றுகளைக் கரித்துண்டும் ஓட்டுச் சில்லும் நிரப்பிய சிறு கூடையில், நிழல்வலைக்கு அடியில் சில மாதங்கள் பழக்குங்கள். வேர் விரல் நீளம் வந்ததும், ஐப்பசி மழை தொடங்கும் வேளையில், அதே மாமரத்தில் காலை வெயில் படும் கிளையில் தென்னங்கயிற்றால் கட்டுங்கள். வேர் பட்டையைப் பற்றிய பிறகு கயிற்றை அவிழ்த்துவிடலாம்.