வாடன் கடல்: மூன்று நாட்டுச் சேறும் உங்கள் கேள்விகளும்

முழங்கால் வரை சேறு அப்பிய என் படத்தைப் பார்த்துவிட்டு "இது எந்த ஊர்க் குளம்?" என்று கேட்டவர்கள் நிறையப் பேர். குளம் இல்லைங்க, கடல். நெதர்லாந்து, ஜெர்மனி, டென்மார்க் கரையை ஒட்டி ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிற வாடன் கடல். தினம் இரண்டு தடவை தண்ணீர் வற்றிக் கடலின் தரையே வெளியில் வந்துவிடும், அப்போது நடக்கலாம். நான் வட ஜெர்மனிக் கரையில் வசிப்பவள், பறவைக் கணக்கெடுப்புக்குப் போகும் தன்னார்வலர். அதிகாரியும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. வந்த கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றை விட்டுவிட்டு மற்றவற்றுக்கு இங்கே பதில்.

செல்வி, கோவை: அக்கா, மூன்று நாட்டுக்கும் மூன்று சட்டம் இருக்குமே, அந்தக் கடலுக்கு யார் பொறுப்பு?

அவரவர் பங்குக்கு அவரவர்தான். ஜெர்மனியில் கூடுதல் சிக்கல், அங்கே இயற்கைப் பாதுகாப்பு மாநிலங்களின் கையில் இருக்கிறது. அதனால் ஜெர்மன் பக்கத்திலேயே மூன்று தேசியப் பூங்கா: ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் 1985, கீழ் சாக்ஸனி 1986, ஹாம்பர்க் 1990. மூன்று நாடுகளும் 1978 முதல் கூடிப் பேசுகின்றன. 1982ல் கோபன்ஹேகனில் ஒரு கூட்டறிக்கை வெளியிட்டார்கள், 1987ல் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் பொதுச் செயலகம் வந்தது. அந்த அறிக்கை அரசியல் வாக்குறுதிதான், மீறினால் யாரையும் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது. செயலகம் அபராதம் போடாது, ஒரு படகைக்கூட நிறுத்தாது.

அப்புறம் எதற்கு அது என்று கேட்பீர்கள். நான் பார்த்த வரையில் அதன் பெரிய சாதனை பறவைகளை எண்ணுவதுதான், சிரிக்காதீர்கள். டென்மார்க்காரர் திங்கட்கிழமை ஒரு முறையில் எண்ண, நாங்கள் சனிக்கிழமை வேறு முறையில் எண்ணினால், ஒரே கூட்டம் இரண்டு தடவை கணக்கில் ஏறும், இல்லாவிட்டால் ஒரு தடவைகூட ஏறாது. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு எந்த அமைச்சரிடம் போய் என்ன பேசுவது? இப்போது மூன்று நாட்டிலும் ஒரே முறை, ஒத்துப்போகும் நாட்கள். பறவை குறைந்தால் "அது உங்கள் பக்கத்துப் பிரச்சினை" என்று யாரும் கையைக் கழுவ முடியாது.

ரமேஷ், திருச்சி: சீல் (கடல்நாய்) பற்றிச் சொல்லுங்கள். வைரஸில் செத்தன என்று படித்தேன்.

ஆமாம், 1988ல் இங்கிருந்த சீல்களில் பாதிக்கு மேல் சில மாதங்களில் போய்விட்டன. நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோய் தெரியுமில்லையா, அந்தக் குடும்பத்து வைரஸ். கரை முழுக்கப் பிணம் ஒதுங்கிய பிறகுதான் அரசுகளுக்கு உறைத்தது: சீல் இன்று ஒரு நாட்டு மணல்திட்டில் படுக்கும், நாளை அடுத்த நாட்டுக்குப் போய்விடும், தனித்தனித் திட்டம் போட்டுப் பயனில்லை. 1990ல் மூன்று நாடுகளும் சீலுக்கென்றே ஓர் ஒப்பந்தம் போட்டன. வலசை போகும் உயிரினங்களுக்கான பான் உடன்படிக்கையின் கீழ் வந்தது என்பதால் கூட்டறிக்கை போல இல்லாமல் சட்டப்படி கட்டுப்படுத்தும்.

2002ல் அதே வைரஸ் திரும்ப வந்து ஏறக்குறைய பாதியைக் கொன்றது. ஒப்பந்தம் வைரஸைத் தடுக்காது, அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் வேட்டை இல்லை, படுக்கும் திட்டுகளில் தொந்தரவு இல்லை என்பதால் வேகமாக மீண்டன. இப்போது விமானத்திலிருந்து எண்ணும்போது 20,000க்கு மேல் தெரிகின்றன. ஜூனில் குட்டிகளுக்காகவும் ஆகஸ்டில் முடி உதிர்க்கப் படுத்திருக்கும்போதும், நீர் வற்றிய நேரம் பார்த்து, மூன்று நாட்டு விமானங்களும் பேசிவைத்துக்கொண்டு பறக்கும்.

பிரபா, மதுரை: நாடுகளுக்கு நடுவே எல்லைத் தகராறு கிடையாதா?

உண்டே! எம்ஸ் ஆறு கடலில் சேரும் இடத்தில் ஜெர்மனிக்கும் நெதர்லாந்துக்கும் எல்லை எங்கே என்று இன்றுவரை முடிவாகவில்லை. ஒருவர் ஆற்றின் நடு என்கிறார், மற்றவர் ஆறு முழுவதும் எங்களுடையது என்கிறார். 1960ல் ஓர் உடன்படிக்கை போட்டார்கள், அதன் சாரம் இதுதான்: எல்லை விஷயத்தில் நாம் ஒத்துப்போகவில்லை, சரி, அது அப்படியே கிடக்கட்டும், வேலையைச் சேர்ந்து பார்ப்போம். வரப்புத் தகராறில் மூன்று தலைமுறை கோர்ட் படியேறிய குடும்பத்திலிருந்து வந்தவள் நான். இதை முதலில் படித்தபோது அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

காதர், நாகப்பட்டினம்: அறிக்கை, கணக்கு எல்லாம் சரி. பெரிய ஆட்கள் மீறினால் யார் கேட்பது? நாங்கள் கடற்கரைக்காரர்கள், எங்களுக்கு இந்தக் கதை தெரியும்.

நல்ல கேள்வி. பல் இருப்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்துக்கு. 1979ன் பறவைகள் ஆணை, 1992ன் வாழிடங்கள் ஆணை, இரண்டும் சேர்ந்து நேச்சுரா 2000 என்ற வலையமைப்பு. அதில் 27,000க்கு மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன, வாடன் கடலும் அதில் அடக்கம்.

நெதர்லாந்தில் இயந்திரம் வைத்துச் சேற்றைக் கிளறி மட்டி அள்ளும் படகுகள் இருந்தன. ஆண்டுதோறும் அரசு உரிமம் கொடுத்தது. இயற்கை அமைப்புகள் வழக்குப் போட, அது ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2004 செப்டம்பரில் தீர்ப்பு: இந்த வேலையால் பாதுகாக்கப்பட்ட இடத்துக்குக் கேடு வராது என்பதில் நியாயமான அறிவியல் சந்தேகம் எதுவும் மிச்சமில்லை என்றால்தான் உரிமம் தரலாம். அதாவது சந்தேகத்தின் பலன் படகுக்கு இல்லை, மட்டிக்கு. அடுத்த ஆண்டே அந்த இயந்திர மட்டிப் பிடிப்பு வாடன் கடலில் முடிவுக்கு வந்தது. இன்று ஐரோப்பாவில் எங்கே பாதுகாக்கப்பட்ட நிலத்துப் பக்கம் ரோடு போட்டாலும், பண்ணை விரித்தாலும் இந்தத் தீர்ப்பைத்தான் தூக்கிக் காட்டுகிறார்கள்.

ஆனால் ஓட்டையும் உண்டு, காதர் அண்ணன். ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் பூங்காவுக்குள்ளேயே மிட்டல்பிளாட்டே என்ற மேடையில் 1987லிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள். பூங்கா வந்து இரண்டு வருடம் கழித்து! இதற்கு எனக்குச் சமாதானமான பதில் கிடைத்ததே இல்லை.

நித்யா, சேலம்: யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறதா?

இருக்கிறது, தவணை முறையில். நெதர்லாந்தும் ஜெர்மனியின் பெரும்பகுதியும் 2009, ஹாம்பர்க் 2011, டென்மார்க் 2014. பணம் வராது. பெயர் வரும், சுற்றுலாக்காரர்கள் வருவார்கள்.

அருண், சென்னை: பறவைகளுக்காக இவ்வளவா?

வருடத்துக்கு ஒரு கோடி முதல் 1.2 கோடி வலசைப் பறவைகள் இங்கே இறங்குகின்றன. ஆர்க்டிக்கில் குஞ்சு பொரித்துவிட்டு மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போகும் வழியில் இதுதான் சாப்பாட்டுக்கடை. பட்டைவால் மூக்கன் மாதிரிப் பறவைகள் இங்கே கொழுப்பேற்றிக்கொண்டு மௌரிடானியாவின் பாங்க் டார்கன் தேசியப் பூங்கா வரை போகும். அங்கே சதுப்பு கெட்டால் இங்கே நாங்கள் காவல் காத்து என்ன பிரயோஜனம்? அதனால் அந்தப் பூங்காவோடும் சேர்ந்து வேலை நடக்கிறது. 2014, 2020 ஜனவரிகளில் ஐரோப்பாவிலிருந்து தென்னாப்பிரிக்கா வரை அட்லாண்டிக் கரை முழுக்க ஒரே சமயத்தில் எண்ணினார்கள். நான் 2020ல் போனேன். மூக்கு உறைந்துபோய் நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருக்கும்போது, இதே நேரம் செனகலில் ஒருவர் வேர்வையோடு இதையே செய்துகொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

மீனா, ஈரோடு: எல்லா இடத்திலும் இப்படி ஒத்துமையா?

இல்லவே இல்லை. ஜெர்மனியின் பவேரியக் காட்டையும் செக் நாட்டின் ஷுமவாவையும் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரே மலைக்காடு. 1983ல் புயலில் மரங்கள் சாய்ந்தபோது பவேரிய அமைச்சர் ஹான்ஸ் ஐஸன்மான் "அப்படியே கிடக்கட்டும்" என்று முடிவெடுத்தார். பின்னால் பட்டை வண்டு பெருகி மலைமலையாக ஸ்ப்ரூஸ் மரம் காய்ந்தது. உள்ளூர்க்காரர்கள் கொதித்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் வண்டைத் தடுக்க வெட்டினார்கள், இந்தப் பக்கம் வெட்டவில்லை. ஒரே வண்டு, இரண்டு வைத்தியம். 2011ல் ஷுமவாவில் வெட்டுவதை எதிர்த்து ஆட்கள் காட்டுக்குள் மறியலே செய்தார்கள். இப்போது இரண்டு பக்கமும் நெருங்கி வந்துவிட்டன. காய்ந்த இடத்தில் இளமரங்கள் அடர்ந்து நிற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

பியாவோவியெஸா நிலைமை வேறு. போலந்து, பெலாரஸ் இரண்டிலும் பரவிய பழங்காடு, காட்டெருது திரும்பி வந்த இடம். 2018ல் ஐரோப்பிய நீதிமன்றம் போலந்தின் மரவெட்டைச் சட்டமீறல் என்றது, வெட்டு நின்றது. ஆனால் அகதிகள் வருவதைத் தடுக்க 2022ல் போலந்து கட்டிய 5.5 மீட்டர் உயர வேலி அதே காட்டைக் கிழித்துக்கொண்டு போகிறது. அரசியல் கெட்டால் முதலில் மூடுவது இந்தக் கதவுதான்.

ஜான், தூத்துக்குடி: பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறிய பிறகு?

நேச்சுரா 2000லிருந்து வெளியே போய்விட்டது, அந்த இடங்களைத் தன் சொந்தச் சட்டத்தில் வைத்திருக்கிறது. ஒன்றியத்திலிருந்து வேறான ஐரோப்பியக் கவுன்சில் என்ற அமைப்பின் பெர்ன் உடன்படிக்கையில், அதாவது காட்டுயிர்களையும் வாழிடங்களையும் காக்கும் ஒப்பந்தத்தில், இன்னும் இருக்கிறது. ஆனால் தவறினால் லக்ஸம்பர்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றம் வரை இழுக்கும் வழி இல்லை.

கவிதா, பெங்களூரு: அடுத்த ஜூலையில் வருகிறோம், குழந்தைகளோடு சேற்றில் நடக்கலாமா?

தாராளமாக. வழிகாட்டி இல்லாமல் மட்டும் வேண்டாம், தண்ணீர் உங்களுக்கு முன்னால் வராது, பின்னால் இருக்கும் கால்வாய்களை முதலில் நிரப்பும், திரும்ப வழி இருக்காது. கணுக்காலைப் பிடித்திருக்கும் பழைய ஷூ போதும், பூட்ஸ் சேற்றிலேயே தங்கிவிடும். கரையில் சீல் குட்டி தனியாகக் கத்திக்கொண்டிருந்தால் தொடாதீர்கள், தூக்காதீர்கள், தள்ளி நின்று போன் செய்யுங்கள். பெரும்பாலும் தாய் பக்கத்துத் தண்ணீரில்தான் இருக்கும். எங்கள் மாநிலத்தில் அதைப் பார்க்க வருபவரின் பதவிப் பெயர் இன்னும் "சீல் வேட்டைக்காரர்" என்றுதான் இருக்கிறது, பிள்ளைகளிடம் முன்னாலேயே சொல்லிவையுங்கள், பயந்துவிடப் போகிறார்கள்.