குட்டையை வடிக்கும் நாள்

கேள்வி: அய்யா, கோபிசெட்டிபாளையம் அருகே எங்கள் தோட்டம். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் தென்னையோடு, குட்டை வெட்டிக் கட்லா, ரோகு வளர்க்கிறார். மீன் பிடிக்கும்போது தண்ணீர் முழுவதையும் மோட்டார் வைத்துப் பள்ளத்தில் (ஓடையில்) இறைத்துவிடுகிறார். எங்கள் கிணற்றில் வாடை அடிக்கிறது. கேட்டால், “மீன் வளர்ப்பும் விவசாயம்தானே தம்பி, இதற்கு ஏது சட்டம்?” என்கிறார்.

பதில்: சட்டம் இருக்கிறது. நீர் மாசுத் தடுப்புச் சட்டம், 1974, பிரிவு 24. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்த அளவை மீறிய கழிவைத் தெரிந்தே நீர்நிலையிலோ கிணற்றிலோ விடக்கூடாது. காய்ந்து கிடக்கும் பள்ளமும் நிலத்தடி நீரும்கூட அந்தச் சட்டத்தின் கணக்கில் நீர்நிலைதான். இதை அண்ணனிடம் முதலில் சொல்லுங்கள்.

குட்டையின் மேல்தண்ணீரால் பெரிய கெடுதல் இல்லை, வயலுக்கே பாய்ச்சலாம். வினை எல்லாம் அடியில் கிடக்கும் கடைசி ஒரு முழத்தில். மீன் தின்னாமல் விட்ட தீவனமும் மீனின் கழிவும் கறுத்த கூழாகப் படிந்திருக்கும். வலை இழுத்துக் கலக்கியபின் அதைத்தான் மோட்டார் வெளியே தள்ளுகிறது. அதிலுள்ள அம்மோனியா மண்ணில் நைட்ரேட்டாக மாறிக் கிணற்றுக்கு இறங்கும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. தாண்டினால் கைக்குழந்தைக்கு ஆபத்து. கிணற்று நீரைச் சோதிக்கும்வரை குழந்தைக்குப் பால்மாவு கரைக்க அதை எடுக்காதீர்கள். இத்தனைக்கும் அந்தக் கூழ் தென்னைக்கு நல்ல உரம்! அதைப் பள்ளத்தில் விட்டுவிட்டு யூரியா மூட்டைக்குக் கடையில் நிற்பவரை என்னவென்று சொல்வது?

அண்ணன் மசியாவிட்டால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுதுங்கள். குட்டை வடிக்கும் தேதியை முன்கூட்டியே தெரிந்து குறிப்பிடுங்கள். நாலு நாள் கழித்து வருகிற அதிகாரிக்குப் பள்ளத்தில் ஈரம்கூடக் கிடைக்காது. நீங்கள் பாட்டிலில் பிடித்துக் கொடுக்கும் தண்ணீர் வழக்குக்கு உதவாது. வாரியத்தார் முறைப்படி எடுக்கும் மாதிரிதான் செல்லும்.

கேள்வி: ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சு தருகிறேன், கோழிக் கழிவைப் போட்டாலே வளரும் என்கிறார் ஒருவர். வாங்கலாமா? (பல்லடம் வாசகர்)

பதில்: வேண்டாம். நம் நாட்டில் அது வளர்க்கத் தடை செய்யப்பட்ட மீன். மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் என்பதால் நாறிய தண்ணீரிலும் சாகாது. அந்தத் தைரியத்தில்தான் கோழிக் குடலைக் கொட்டுகிறார்கள். மழையில் கரை உடைந்து தப்பினால் நாட்டு மீன்களைத் தின்று தீர்த்துவிடும். பவானிசாகரில் அரசு மீன் பண்ணை இருக்கிறது; குஞ்சுக்கு அங்கே போய்க் கேளுங்கள்.