ரசிகர்கள் கைவிட்ட அணியா?

கேள்வி: அமெரிக்காவின் ஜான்ஸ்டவுன் சீஃப்ஸ் ஐஸ் ஹாக்கி அணி, ஈ.சி.எச்.எல். என்ற மைனர் லீக்கில் (கீழ்நிலைத் தொழில்முறைப் போட்டித் தொடரில்) 22 பருவங்கள் ஆடியும் ஒரு கோப்பைகூட வாங்கவில்லை. ரசிகர்கள் கைவிட்டதால் 2010-ல் ஊரை விட்டே போய்விட்டது. தோற்ற அணிக்காக இவ்வளவு வருத்தம் எதற்கு?
(ஒரு வாசகர், திருச்சி)

பதில்: கோப்பை வாங்கவில்லை என்பது உண்மை. ரசிகர்கள் கைவிட்டார்கள் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பென்சில்வேனியா மலைகளுக்கு நடுவே இருக்கும் ஜான்ஸ்டவுன், எஃகு ஆலைகளை நம்பி வாழ்ந்த ஊர். போரில் இறந்தவர்களின் நினைவாக அங்கே விளையாட்டரங்கம் திறக்கப்பட்ட 1950-ல் ஊரின் மக்கள்தொகை 63,000-க்கு மேல். அணி வெளியேறிய 2010-ல் அது 21,000-ஐக்கூட எட்டவில்லை. மூன்றில் இரண்டு பங்குக்கு ஆள் குறைந்துபோன ஊரில் இருக்கைகள் காலியாகக் கிடந்ததற்கு, மிச்சம் இருந்தவர்களைக் குறை சொல்வது நியாயமே அல்ல.

அந்த அரங்கில் முதலில் ஆடிய ஜெட்ஸ் அணி, 1977 ஜூலையில் ஊரையே புரட்டிப்போட்ட வெள்ளத்தோடு முடிந்துபோனது. சீஃப்ஸ் பிறந்தது 1988 ஜனவரியில். வேலையின்மையில் நாட்டிலேயே மிக மோசமான நகரங்களில் ஒன்றாக 1980-களின் தொடக்கத்தில் இருந்த ஊர், அந்த நிலையிலும் ஒரு தொழில்முறை அணியைத் தாங்க முன்வந்தது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அணிக்குப் பெயர் வைத்தவர்களும் ரசிகர்களே: 1970-களில் அதே ஊரில், அதே அரங்கில் எடுக்கப்பட்ட ஒரு ஹாலிவுட் படத்தில் வரும் கற்பனை அணியின் பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் படத்திலும் ஆலை மூடப்படுகிறது, அணியின் காலமும் முடியப் போகிறது. அது தெரிந்தேதான் அந்தப் பெயரை வைத்தார்கள் என்பது என்னை இன்றும் நெகிழவைக்கிறது.

ஐந்தே அணிகளோடு ஈ.சி.எச்.எல். தொடங்கிய 1988-89 பருவத்தில் சீஃப்ஸ் இறுதித் தொடர் வரை வந்து, ஏழாவது ஆட்டத்தில்தான் கரோலினா தண்டர்பேர்ட்ஸ் அணியிடம் கோப்பையை இழந்தது. அந்தப் பருவத்தில் அதன் கோல்கீப்பராக இருந்த ஸ்காட் கார்டன்தான் ஈ.சி.எச்.எல்.-லிலிருந்து, வட அமெரிக்காவின் உச்ச ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.-லுக்குப் போன முதல் ஆட்டக்காரர். மைனர் லீக் அணியின் வேலையே இதுதான்: காலையில் பயிற்சிக்கு வந்த ஆட்டக்காரருக்கு மேல் லீக்கிலிருந்து அழைப்பு வந்துவிட்டால், மாலை ஆட்டத்துக்கு அவர் இருக்கமாட்டார். நல்ல ஆட்டக்காரர்களை இப்படி அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டிய அணியைக் கோப்பையை மட்டும் வைத்து எடைபோடுவது தவறு.

வீழ்ச்சிக்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. பெத்லஹேம் ஸ்டீல் நிறுவனம் 1992-ல் ஜான்ஸ்டவுனில் தன் ஆலைகளை முடித்துக்கொண்டது. ஈ.சி.எச்.எல்.-லோ 2003-ல் மேற்குக் கரை லீக்கின் அணிகளைச் சேர்த்துக்கொண்டு 31 அணிகளாகப் பெருத்து, அலாஸ்கா வரை பரவியது. கோடிக்கணக்கான தொலைக்காட்சிப் பணம் என்.எச்.எல்.-லில் உண்டு, இங்கே கிடையாது. நுழைவுச் சீட்டும் உள்ளூர் விளம்பரமும்தான் வருமானம். சுமார் 4,000 பேர் மட்டுமே அமரக்கூடிய அரங்கம் நிறைந்தாலும் வருமானத்துக்கு ஓர் எல்லை இருந்தது. செலவுக்கு அப்படி எல்லை இல்லை. அதனால்தான் உரிமையாளர்கள் பல மடங்கு பெரிய அரங்கம் உள்ள தென் கரோலினாவின் கிரீன்வில்லுக்கு அணியைக் கொண்டுபோனார்கள். தொடக்க ஐந்து அணிகளில் கடைசிவரை சொந்த ஊரிலேயே நின்றது சீஃப்ஸ்தான்.

அதன் பிறகு அந்த ஊர் செய்ததையும் பாருங்கள். இரண்டே ஆண்டுகளில், 2012-ல், டோமஹாக்ஸ் என்ற இளையோர் அணி அதே அரங்குக்கு வந்தது. அமெரிக்காவில் ஹாக்கியை மிக அதிகம் நேசிக்கும் ஊர் எது என்று 2015-ல் முதன்முறையாக நடந்த வாக்கெடுப்பில் ஜான்ஸ்டவுன் முதலிடம் பெற்றது. பரிசாகக் கிடைத்த 1,50,000 டாலர் பழைய அரங்கைச் சீரமைக்கப் போனது. அந்த செப்டம்பரில் பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ், டாம்பா பே லைட்னிங் என்ற இரண்டு என்.எச்.எல். அணிகள் அங்கே வந்து ஆடின.